பதினோராம் படியில் ஒரு கை

எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கைப்பிடி வைப்பதற்கு முன்னால், அந்தப் படியில் எழுபத்தொரு நாள் என் அப்பாவின் கை இருந்தது. தெருவில் மூன்று மாதம் என்று சொல்வார்கள், நூறு நாள் என்று சொல்கிறவர்களும் உண்டு. நான் காலண்டரில் குறித்து வைத்தவள் என்பதால் எழுபத்தொன்று என்பதுதான் சரி.

அப்பாவின் பெயர் வெயிலுமுத்து. விருதுநகரில் ஒரு வத்தல் மண்டியில் முப்பத்தாறு வருடம் மூடை சுமந்தவர். மிளகாய்க் காரம் அவர் உள்ளங்கைக்குள் இறங்கி எந்த சோப்புக்கும் போகாமல் தங்கிவிட்டதால், சின்ன வயதில் அவர் என் கன்னத்தைத் தொட்டால் அரைமணி நேரம் எரியும், அதனால் அவர் எப்போதும் புறங்கையால்தான் என்னைத் தொடுவார். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். சிவில் இன்ஜினியரிங் முடித்ததும் நான் வரைந்த முதல் பிளான் எங்கள் வீட்டுக்கானது. ஒரு கூடம், ஒரு அடுப்படி, ஒரு அறை, வெளிப்பக்கமாக மொட்டைமாடிக்கு ஏறிப்போகும் பதினேழு படிகள். ஏறும்போது இடப்பக்கம் சுவர், வலப்பக்கம் வெறும் காற்று. ஒவ்வொரு படியும் ஏழு அங்குல உயரம், பத்து அங்குல அகலம், எந்தப் படியும் இன்னொன்றைவிடக் கால் அங்குலம்கூடக் கூடவோ குறையவோ இல்லை, ஏனென்றால் ஒரு படி மட்டும் மாறினாலும் கால் ஏமாந்துபோகும் என்று படித்திருந்தேன். படிக்கு என்னென்ன வேண்டும் என்று எல்லாம் படித்திருந்தேன். கைப்பிடி தொண்ணூறு சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும், கம்பிகளுக்கு நடுவே ஒரு குழந்தையின் தலை நுழையாதபடி நான்கு அங்குலத்துக்குள் இடைவெளி இருக்க வேண்டும், கால் தூண்களைப் பூச்சில் அல்ல, கான்கிரீட்டுக்குள் துளைபோட்டு இறக்க வேண்டும். பரீட்சையில் இந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

கைப்பிடி விஷயத்தில்தான் அப்பாவுக்கும் எனக்கும் பேச்சு வளர்ந்தது. எனக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டும். கூடப் படித்தவர்கள் வீடுகளில் எல்லாம் அதுதான் பளபளவென்று இருந்தது.

"எல்லாஞ் சரி தாயி," என்றார் அப்பா. "நடு மத்தியானம் வத்தல் காயப்போட உங்கம்மா மேல போவா. கம்பி சுடாதா?"

"துணியை வச்சுப் பிடிச்சுக்கிறட்டும்பா."

"ஒரு கையில சொளகு இருக்கும். ஒரு கை கம்பியில. துணியை வாயிலயா கவ்விக்கிட்டுப் போவா?"

அடுப்படியிலிருந்து அம்மா, "ஆமா, நாய் மாதிரி போறேன்," என்று சிரித்தாள். அம்மாவின் பெயர் சுப்புத்தாய்.

நான் மூன்று வாரம் பிடிவாதம் பிடித்தேன். பிறகு இறங்கி வந்தேன். கீழ்க் கம்பிகள் இரும்பாக இருக்கட்டும், கை படுகிற மேல் கட்டை மட்டும் மரமாக இருக்கட்டும் என்று முடிவாயிற்று. பட்டறைக்காரர் யாகப்பண்ணன், வேங்கை மரத்தை உருட்டுக் கட்டையாகக் கடைந்து காயவைத்து எண்ணெய் ஏற்ற வேண்டும் என்றும், நான் இழுத்த மூன்று வாரத்தில் அது முடிந்திருக்கும் என்றும், இனிமேல் பால் காய்ச்சுகிற நாளுக்குப் பத்து நாள் கழித்துத்தான் கிடைக்கும் என்றும் சொன்னார். ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம் அது. விட்டால் ஆடி வந்துவிடும், ஆடியில் யாரும் வீடு குடிபோக மாட்டார்கள். படிக்குக் கைப்பிடி இல்லை என்பதற்காக முகூர்த்தத்தைத் தள்ளிப்போட்ட குடும்பம் எங்கள் ஊரில் ஒன்றுகூட இல்லை. ஜன்னலுக்குக் கதவு இல்லாமல், தரைக்கு டைல்ஸ் இல்லாமல், பால் மட்டும் பொங்கி வழிந்த வீடுகள் எத்தனையோ.

அப்பா சவுக்குக் கம்புகளை நட்டு, லாரிக்குத் தார்ப்பாய் கட்டுகிற கயிற்றை இழுத்து, பாரம் கட்டுகிற முடிச்சாகப் போட்டு, மேலிருந்து கீழ்வரை ஒரு கயிற்றுக் கைப்பிடி கட்டினார். நான் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

பால் காய்ச்சுகிற அன்று காலையில் என் கல்லூரித் தோழிகளும் ஒரு மேடமும் வருவதாக இருந்தது. கயிறு மிளகாய்ச் சிவப்பேறி, நைந்து, அங்கங்கே பிசிர் விட்டிருந்தது.

"அப்பா, இது அசிங்கமா இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டுமே தாயி. பத்து நாள்தான்."

"போட்டோ எல்லாத்துலயும் விழும்பா."

அவர் தான் போட்ட முடிச்சுகளைத் தானே ஒவ்வொன்றாக அவிழ்த்து, கயிற்றைச் சுருட்டி, படிக்கு அடியில் வைத்தார். நான் கம்புகளுக்குக் கலர் பேப்பர் சுற்றி, கயிறு இருந்த அதே உயரத்தில் செவ்வந்திச் சரத்தை இழுத்துக் கட்டினேன். நன்றாகத்தான் இருந்தது.

பந்தி மொட்டைமாடியில் நடந்தது. பத்தரை மணிக்கு அப்பா ஒரு கையில் காலி வாளியோடு, தலையைத் திருப்பி மேலே இருந்த யாரிடமோ "பாயசம் இன்னுமா வரல?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினார். பதினோராம் படியில் கால் வழுக்கியது. அவர் கை, கயிறு இருந்த இடத்துக்குத் தானாகப் போயிற்று. பூவைப் பிடித்தது. கீழே புதுத் துவைகல் இருந்தது. அவரைத் தூக்கியபோது மூடிய கைக்குள் செவ்வந்தி இருந்தது, அதை யாராலும் விரிக்க முடியவில்லை, பூவோடுதான் எடுத்துப் போனார்கள்.

படியில் ரசம் சிந்தியிருந்தது என்றார்கள், சிந்தித்தான் இருந்தது. கண்பட்டுவிட்டது என்றார்கள். கயிற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல நாள் நினைத்துக்கொண்டேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்து, மறுநாள் காலையில் எதிர்வீட்டுப் பவுன்தாய் அத்தை, பால் காய்ச்சுக்கு இரவல் கொடுத்த தன் அண்டாவை எடுக்க வந்தாள். அறுபது வயது, இரண்டு முட்டியும் போனவள். நான் எடுத்துத் தருகிறேன் என்று சொல்வதற்குள் ஏறிவிட்டாள். அண்டாவோடு இறங்கி வந்து, குழாயடியில் நின்று, முழங்கையைத் தண்ணீரில் காட்டினாள்.

"என்னத்தை, இடிச்சுக்கிட்டீங்களா?"

"இல்லத்தா. பதினோராம் படியில தம்பி பிடிச்சுவிட்டாப்ல. இன்னும் காந்துது பாரு. காரக் கை." என் பக்கம் முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். நான்கு விரலும் ஒரு பெருவிரலும் லேசாகச் சிவந்திருந்தன. "உசுரோட இருந்தப்பவும் இப்பிடித்தான், ஒரு நாள் பஸ்ஸுல ஏத்திவிட்டாப்ல, அன்னைக்கெல்லாம் எரிஞ்சுச்சு," என்று சொல்லிவிட்டு அண்டாவை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள், அடுப்பில் உலை வைத்திருந்தாள் அவள்.

அம்மா கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்து போய்ப் படியேறினாள். பதினொன்றில் நின்றாள். வெகுநேரம் நின்றாள். பிறகு பதினேழும் ஏறி, இறங்கி, மறுபடி ஏறினாள். அன்று முழுவதும் ஏதாவது ஒரு சாக்கு வைத்து ஏறினாள். ஒரு துண்டைக் காயப்போட, அந்தத் துண்டைத் திருப்பிப்போட, காய்ந்துவிட்டதா என்று பார்க்க, காய்ந்ததை எடுக்க, எடுத்ததை மறுபடி நனைத்துக் காயப்போட. சாயங்காலம் அவள் முழங்கை பழுத்த மிளகாய் நிறத்தில் இருந்தது. பதினேழு நாளாகச் சரியாகச் சாப்பிடாதவள் அன்றைக்கு ஒரு வட்டில் சோறு சாப்பிட்டாள்.

இரண்டு நாளில் தெரு முழுவதும் தெரிந்துவிட்டது. யாரும் பயப்படவில்லை. பயப்பட என்ன இருக்கிறது, தெரிந்த மனிதரின் கைதானே என்றார்கள். ஏழுமாதக் கர்ப்பிணியான பரமேஸ்வரி மதினி, நடந்தால் சுகப்பிரசவம் ஆகும் என்று நர்ஸ் சொன்னதால் தினமும் ஏறி இறங்க வந்தாள். ஒரு பக்கம் விழுந்துபோன கணக்குப்பிள்ளை தாத்தாவை, படி ஏறிப் பழகச் சொல்லி டாக்டர் சொன்னதால், அவர் மருமகள் கூட்டிவந்து முதல் படியில் விட்டுவிட்டு, "அங்கிட்டு அவுக பாத்துக்கிருவாக," என்று உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். கண் தெரியாதவர்கள் வந்தார்கள், கண் ஆபரேஷன் ஆனவர்கள் வந்தார்கள், தலைசுற்றல்காரர்கள் வந்தார்கள், ஒரு நோயும் இல்லாமல் யாராவது ஒருதரம் தன்னைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று வந்தவர்களும் இருந்தார்கள், அவர்கள்தான் அதிகம். எங்கள் வீட்டுப் படியில் ஏறிப் போவதற்கு ஓர் இடம் கிடையாது, மேலே வெறும் மொட்டைமாடியும் தண்ணீர்த் தொட்டியும்தான், ஆனாலும் ஏறினார்கள், தொட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கினார்கள், முழங்கையைத் தடவிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

யாரோ ஒருத்தி பதினோராம் படியில் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டுப் போனாள். அம்மா ஈரத்துணியால் துடைத்து எடுத்தாள். "வேலைக்கு வந்த மனுசனுக்குப் பொட்டு வைக்காதீக," என்றாள். அவள் வைத்ததெல்லாம் நாலு மணிக்கு ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பி. அந்தப் படியின் சுவரோரமாக வைப்பாள். ஆறிய பிறகு எடுத்து வந்து தானே குடிப்பாள்.

பத்தாம் நாள் சுமைதூக்குவோர் சங்கத்திலிருந்து ஆறு பேர் வந்தார்கள். தவசி மாமா முன்னால் வந்தார், அப்பாவோடு முப்பது வருடம் ஒரே மண்டியில் மூடை தூக்கியவர். ஏறிப் பார்த்தார். இறங்கி வந்து, முழங்கையை மோந்து பார்த்து, "சம்பா வத்தல்," என்றார். அப்புறம் தெருவைப் பார்த்து நின்றுகொண்டு சத்தம் போட்டார்.

"எங்க ஆளை இப்பிடி ராத்திரி பகலா வேலை வாங்குறது எந்த ஊரு நியாயம்? மண்டியிலயே எட்டு மணி நேரந்தான்!"

"அவரா பிடிக்கிறாரு, நாங்களா பிடிக்கச் சொன்னோம்?" என்றான் ஒருவன்.

"அவன் அப்பிடித்தான். சொல்லாட்டியும் தூக்குவான். அதுக்குத்தான் சங்கம் இருக்கு."

ஒரு அட்டை எழுதி மாட்டினார்கள். காலை எட்டு முதல் பன்னிரண்டு, மாலை மூன்று முதல் ஆறு, ஞாயிறு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமைதானே எங்களுக்கு ஓய்வு என்று தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் சண்டை பிடித்தார்கள், ஞாயிற்றுக்கிழமை மண்டி கிடையாது என்று மாமா ஒரே சொல்லில் முடித்துவிட்டார். பவுன்தாய் அத்தையின் மருமகன் நூற்றுப்பத்துக் கிலோ. அவரை மாமா முதல் படியிலேயே நிறுத்தினார்.

"மூடைக்கு அம்பது கிலோதான் கணக்கு. நீங்க ரெண்டு மூடை. ரெண்டு ஆளு வேணும்."

"நான் மூடை இல்லீங்க, நடந்துதான போறேன்!"

"பாதி பாரம் அவன் கையிலதானய்யா விழுகுது!"

தெருவே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். போகும்போது மாமா அட்டையைச் சரிசெய்துகொண்டே என்னிடம் சொன்னார்: "ஒரு மூடையை முதுகுல ஏத்தியாச்சுன்னா எம்புட்டுத் தூரமும் போயிருவோம் பாப்பா. தனியா இறக்க முடியாது, அதுதான் பாடு. இறக்கிவிட ஆள் வரலைன்னா மூடையோட நிக்க வேண்டியதுதான். உங்கப்பன் ஒருக்கா மண்டி வாசல்ல அரைமணி நேரம் அப்பிடியே நின்னான். கூப்பிடவும் மாட்டான், கிறுக்கன்."

இவ்வளவு பேரைப் பிடித்த கை என்னை மட்டும் பிடிக்கவில்லை.

முதல் நாளே ஏறினேன். சுவரோரமாக ஏறினேன், நடுவில் ஏறினேன், திறந்த பக்கத்து விளிம்பில் ஏறினேன். கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன். வேண்டுமென்றே கால் தடுமாறுவதுபோல் ஏறினேன், அது அவரை ஏமாற்றுவதாகிவிடும் என்று தோன்றியதால் அதை ஒரு முறைக்குமேல் செய்யவில்லை. பதினோராம் படியில் காற்று மட்டும்தான் இருந்தது. எனக்கு முன்னால் ஏறிய யாரோ ஒரு பெண், "ஐயோ, என்னா இறுக்கம்," என்று சொல்லிக்கொண்டே போவாள், அவள் முதுகுக்குப் பின்னால் நான் வெறுங்கையோடு ஏறுவேன்.

"உனக்கு எப்பிடித்தா, ரொம்ப எரியுதா?" என்று அம்மா கேட்டாள்.

"ஆமாம்மா," என்றேன்.

அன்றைக்கு அவள் குளிக்கப் போனபோது அஞ்சறைப் பெட்டியிலிருந்து மிளகாய்த்தூளை எடுத்து, நனைத்து, என் முழங்கையில் தேய்த்துக்கொண்டேன். பிறகு தினமும் தேய்த்துக்கொண்டேன். எல்லோருடைய முழங்கையும் சிவந்திருந்த தெருவில் என்னுடையதும் சிவந்திருந்தது. ஏறுவது நான் என்று அவருக்குத் தெரிகிறது, அதனால்தான் வரவில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அசிங்கமாக இருக்கிறது என்று நான் சொன்னதை அவர் அப்படியே ஏற்றுக்கொண்டு, என்மேல் மட்டும் படாமல் இருக்கிறார்.

ஆவணி போய்ப் புரட்டாசி பிறந்தபோது அந்தக் கையில் மாற்றம் தெரிந்தது. முதலில் பவுன்தாய் அத்தைதான் சொன்னாள், "தம்பி கை நடுங்குதே," என்று. பிறகு பிடித்த இடத்தில் ஈரம் இருந்தது, வியர்வை. பிறகு பரமேஸ்வரி மதினி, பிடித்துக்கொண்டே இருந்த கை பன்னிரண்டாம் படிக்கு வரமுடியாமல் நழுவிவிட்டதாகச் சொன்னாள். ஒரு வெள்ளிக்கிழமை, கணக்குப்பிள்ளை தாத்தா இறங்கி வந்தபோது அவருடைய வெள்ளைச் சட்டையின் முழங்கையில் ரத்தம் இருந்தது. அவர் உடம்பில் எங்கும் காயம் இல்லை.

அம்மா அந்தச் சட்டையை விரலால் தொட்டுப் பார்த்தாள். "உள்ளங்கை தோலு உரிஞ்சுபோச்சு," என்றாள். "சீசன் நேரத்துல இப்பிடித்தான் ஆகும்." ஒரு கிண்ணத்தில் தேங்காயெண்ணெய் எடுத்துப்போய், முப்பது வருடமாக அவர் கையில் தடவியதுபோல, பதினோராம் படியின் காற்றில் தடவிவிட்டாள். எண்ணெய் தரையில் சொட்டியது. அவள் அதை மறுபடி விரலில் தொட்டு எடுத்துத் தடவினாள்.

கீழே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. சிமெண்டு நிறத்துப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று, இனி மண்டிக்குப் போவதில்லை, வீடு முடிந்ததும் இதில் உட்கார்ந்து பேப்பர் பார்ப்பேன் என்று அவர் வாங்கி வைத்தது, பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல் கூடத்தில் கிடந்தது. முப்பத்தாறு வருடம் சுமந்தவரை நாங்கள் எல்லோரும் சேர்ந்து மறுபடி வேலைக்கு அனுப்பியிருந்தோம். யாகப்பண்ணன் பட்டறையில் எங்கள் கைப்பிடி எப்போதோ தயாராகி, சாக்குச் சுற்றிச் சுவரில் சாய்ந்து நின்றது.

"அம்மா, கைப்பிடியை வச்சுருவோம்."

"வச்சா?"

"அப்பாவுக்கு வேலை இருக்காது."

அவள் சொளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். "கைப்பிடி வந்துட்டா அவுக கை எதுக்கு வரும்?" என்றாள். "எனக்கு அது ஒண்ணுதான இருக்கு. இருந்துட்டுப் போகட்டுமே தாயி."

அப்பா சொன்ன அதே சொல். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"கயித்தை நான்தாம்மா அவுக்கச் சொன்னேன்."

சொளகு நிற்கவில்லை.

"பால் காய்ச்சுன அன்னைக்கு. அப்பா கட்டுன கயித்தை. போட்டோல அசிங்கமா இருக்கும்னு சொன்னேன். அவரு இருக்கட்டும்னாரு. நான் விடல. அவரே அவுத்தாரு. அதே இடத்துல நான் பூவைக் கட்டுனேன். அப்புறம், அவரு கை என்னைப் பிடிக்கலம்மா. ஒருநாள்கூடப் பிடிக்கல. மிளகாப்பொடியைத் தேச்சுக்கிட்டேன்."

உளுந்து சொளகில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. தூசி எல்லாம் போன பிறகும் புடைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், "அவுகளையேவா அவுக்க வச்ச?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமா."

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. சோறு வைத்தாள், தண்ணீர் வைத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. நாலு மணிக் காப்பியை எடுத்துக்கொண்டு ஏறி, பதினோராம் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அங்கே என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் காலையில் படிக்குக் கீழே நின்று, "யாகப்பனை வரச் சொல்லு," என்றாள். பிறகு, "உசரம் எம்புட்டுப் போட்டிருக்க?" என்றாள்.

"தொண்ணூறு சென்டிமீட்டர்மா."

"அது எம்புட்டோ, எனக்குத் தெரியாது." பதினோராம் படிக்கு ஏறி நின்று, அவர் பிடிக்கும் இடத்தை மறுகையால் காட்டினாள். "இம்புட்டு இருக்கணும்."

டேப்பை வைத்து அளந்தேன். படியின் விளிம்பிலிருந்து சரியாகத் தொண்ணூறு.

தெருவில் எதிர்ப்பு இருந்தது. ஊருக்கே உதவுகிற கையை இவர்களாகவே முடித்துவைக்கப் பார்க்கிறார்கள் என்றார்கள். படித்த பிள்ளைகளே இப்படித்தான் என்றார்கள். தவசி மாமா வந்து, "வெயிலுமுத்து ரிட்டயர்டு ஆகுறான், அவனவன் வீட்டுப் படிக்கு அவனவன் கைப்பிடி வைங்கய்யா!" என்று ஒரு சத்தம் போட்ட பிறகு அடங்கினார்கள். அந்த வாரம் யாகப்பண்ணனுக்கு எங்கள் தெருவிலிருந்து மட்டும் ஒன்பது வீட்டு வேலை வந்தது.

வேலை இரண்டு நாள் நடந்தது. ஒவ்வொரு கால் தூணுக்கும் கான்கிரீட்டில் நான்கு அங்குலம் துளை போட்டு, ஊதித் தூசி எடுத்து, போல்ட் இறக்கினார்கள். நான் ஒவ்வொன்றையும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். கம்பிகளுக்கு நடுவில் ஒரு பந்தை வைத்து நுழைகிறதா என்று பார்த்தேன். யாகப்பண்ணன், "நீ படிச்ச காலேஜுல இதைத்தான் நாலு வருசம் சொல்லிக்குடுத்தாகளா?" என்றார், ஆனால் பந்து நுழைந்த ஒரு இடத்தில் சத்தமில்லாமல் இன்னொரு கம்பி சேர்த்தார். மேல் கட்டை உருண்டையாக, பெருவிரலும் மற்ற விரல்களும் சுற்றி வந்து தொட்டுக்கொள்ளும் பருமனில் இருந்தது. கீழிருந்து ஒரு துண்டு, மேலிருந்து ஒரு துண்டு. இரண்டாம் நாள் மத்தியானம் பதினோராம் படிக்கு நேரே ஒரு முழம் மட்டும் மிச்சம் இருந்தபோது, "சாப்பிட்டுட்டு வந்து முடிச்சிருவோம்," என்று யாகப்பண்ணன் கையைக் கழுவிக்கொண்டு போனார்.

அம்மாவும் தவசி மாமாவும் கீழே நின்றிருந்தார்கள். நான் மேலே ஏறி, தொட்டிவரை போய்த் திரும்பி, முன்பு திறந்திருந்த பக்கமாக இறங்க ஆரம்பித்தேன். அவர் இறங்கிய மாதிரி. பதினேழு, பதினாறு, பதினைந்து என்று எண்ணிக்கொண்டே வந்தேன். பதினொன்றில் நின்றேன்.

"அப்பா, நான்தான் சொன்னேன். அந்தக் கயிறு அசிங்கமா இல்லப்பா," என்றேன்.

ஒன்றும் இல்லை. வெயில் மட்டும். அடுத்த படிக்குக் காலை எடுத்து வைத்தேன். அப்போது கை வந்தது.

அது என் முழங்கையைத் தாங்கவில்லை. எல்லோரையும் பிடித்ததுபோல அது என்னைப் பிடிக்கவில்லை. காற்றில் துழாவி, என் தோளில் பட்டு, நழுவி, என் கையைக் கண்டுபிடித்து, இரண்டு கையால் பிடித்துக்கொண்டது. பிடித்துத் தொங்கியது. ஒரு முழு மனிதனின் கனம் என்மேல் இறங்கியது, என் முட்டி மடங்கியது. அந்த உள்ளங்கைகளில் தோலே இல்லை. விழுந்த நாளிலிருந்து எண்பத்தாறு நாளாக அவர் அந்தப் படியிலேயே, இறங்கியும் இறங்காமலும், யார் வந்தாலும் பிடித்துவிட்டுக்கொண்டு, தன்னைப் பிடித்து இறக்கிவிட ஒரு ஆளைக் கூப்பிடாமல் நின்றிருக்கிறார்.

"அம்மா," என்றேன்.

என் கை ஒரு பக்கமாக இழுபட்டுத் தொங்குவதை அவர்கள் பார்த்தார்கள். தவசி மாமாவுக்கு உடனே தெரிந்துவிட்டது, மூடையோடு நிற்கிறவனை அவருக்குத் தெரியாதா? தோள்துண்டை உதறிக் கீழே போட்டுவிட்டு முதல் படிக்கு வந்து நின்று, இரண்டு கையையும் ஏந்தினார்.

"அவசரப்படாத பாப்பா. மூச்சை விட்டுட்டு இறங்கு. ஒவ்வொரு படியா. பாரத்தைச் சுவத்துப் பக்கமா வாங்கிக்க. ஆங். வா. வெயிலுமுத்து, பிள்ளைய அமுக்காத, மெல்ல வாய்யா."

பத்து. ஒன்பது. என் தோள் கழன்றுவிடும்போல இருந்தது. எட்டில் நின்று மூச்சுவிட்டேன், அவரும் நின்றார். ஏழில் அவர் நெற்றி என் தோளில் சாய்ந்தது, முப்பத்தாறு வருட வத்தல் நெடி என் கண்ணில் ஏறியது, கண்ணீர் அதனால்தானா என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. ஆறு. ஐந்து. நாலு. முன்பு புறங்கையால் மட்டும் தொட்டவர் இப்போது உள்ளங்கையால் பிடித்திருந்தார், மணிக்கட்டிலிருந்து தோள்வரை எனக்கு எரிந்தது, அதற்காக நான் எழுபத்தொரு நாள் காத்திருந்தேன். மூன்று. இரண்டு. "இந்தா, நான் வாங்கிட்டேன்," என்று மாமா மறுபக்கம் தோள் கொடுத்தார், அவருடைய முதுகும் வளைந்தது. அம்மா கூடத்திலிருந்து அந்த நாற்காலியை இழுத்து வந்து, பாலிதீன் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்து, தன் முந்தானையால் ஒருதரம் துடைத்து, வாசலில் போட்டாள்.

இருவரும் சேர்ந்து இறக்கினோம். நாற்காலியின் நான்கு கால்களும் லேசாக அகன்றன. என் கையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. நாற்காலியின் கால்கள் மெல்ல நேராயின. மாமா துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நாற்காலியில் ஒரு செவ்வந்திப் பூ கிடந்தது, நசுங்கி, அன்றைக்குப் பறித்ததுபோல மஞ்சளாக.

யாகப்பண்ணன் சாப்பிட்டுவிட்டு வந்து, எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டு மேலே போனார். மிச்சமிருந்த ஒரு முழத்தை வைத்து முடித்தார். இணைப்பு கையில் தட்டுப்படாதபடி உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய் பூசினார்.

அதற்குப் பிறகு யாரையும் அந்தக் கை பிடிக்கவில்லை. ஓரிரு வாரம் ஆட்கள் வந்து, கட்டையைப் பிடித்துக்கொண்டு ஏறி, தொட்டியைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்கள். பிறகு வரவில்லை. என் கையில் இருந்த எரிச்சல் ஒன்பது நாள் இருந்தது. பத்தாம் நாள் காலையில் எழுந்தபோது இல்லை. அன்றைக்குத்தான் நான் சத்தம் போட்டு அழுதேன்.

அம்மா மறுபடி மாடிக்குப் போகப் பல நாள் ஆயிற்று. பங்குனி வந்து வத்தல் காயப்போட வேண்டிய ஒரு நடு மத்தியானம், சொளகை இடுப்பில் வைத்துக்கொண்டு படியருகே வந்து நின்றாள். இரும்புக் கம்பியைத் தொட்டாள், வெடுக்கென்று கையை எடுத்தாள், ஊதிக்கொண்டாள். பிறகு மேல் கட்டையைப் பிடித்து ஏறினாள். பதினோராம் படியில் நின்றாள். முழங்கையைக் கொஞ்சம் வெளியே தள்ளி வைத்து, கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அப்புறம் திரும்பி, என்னைப் பார்க்காமல், வாசலில் கிடந்த நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள்:

"சரியாத்தான் சொன்னீக. கை சுடவே இல்ல."